பல்லியைக் கண்ட பூனை சொல்வது என்ன?

பூனை வளர்க்கும் வீடுகளில் பலரும் கண்டிருக்கும் காட்சி இது. சுவரில், குழல்விளக்குக்குப் பக்கத்தில், பூச்சி வருமா என்று காத்திருக்கிறது ஒரு பல்லி. கீழே தரையில் பூனை. எட்டாத உயரம். பூனையின் கண்கள் விரிகின்றன. காதுகள் முன்னோக்கித் திரும்புகின்றன. உடல் அசையாமல் நிற்க, வாலின் நுனி மட்டும் துடிக்கிறது. திடீரென்று அதன் வாய் சற்றே திறக்கிறது. கீழ்த்தாடை படபடவென்று நடுங்குகிறது. 'க்க்க்க்... கெக் கெக் கெக்' என்று விசித்திரமான ஓர் ஒலி வருகிறது. அது 'மியாவ்' அல்ல, சீறல் அல்ல, மடியில் படுத்துச் சுகமாகக் கண்ணை மூடும்போது கேட்குமே, அந்தக் குறுகுறுப்பும் அல்ல. ஜன்னலுக்கு வெளியே மைனாவோ அணிலோ வந்து உட்கார்ந்தாலும் இதே ஒலியைக் கேட்கலாம்.

இதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "எட்டவில்லையே என்ற ஆத்திரம்" என்பார் ஒருவர். "கடித்துத் தின்பதாக நினைத்துக்கொண்டு வாயை அசைக்கிறது" என்பார் மற்றொருவர். "குரல் கொடுத்து ஏமாற்றிக் கீழே இறக்கப் பார்க்கிறது" என்பார் மூன்றாமவர். வேடிக்கை என்னவென்றால், விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவர்களும் ஏறத்தாழ இந்த மூன்று விளக்கங்களையே முன்வைத்திருக்கிறார்கள்! இவற்றுள் எது சரி என்று முடிவாகத் தீர்ப்புச் சொல்லும் சோதனை இன்னும் நடைபெறவில்லை. ஆயினும் ஒரு விளக்கத்தை எப்படி எடைபோடுவது, எதை ஏற்பது, எதை நிறுத்திவைப்பது என்று பழகிக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு பூனை, ஒரு குறிப்பேடு, கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும்.

ஒலி பிறக்கும் விதம்

முதலில் அந்த ஒலியையே கவனிப்போம். உங்கள் விரல்களைத் தொண்டையின்மீது மெல்ல வைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள். விரல் நுனியில் ஓர் அதிர்வு தெரியும். இப்போது 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லுங்கள். அதிர்வு இல்லை. காரணம் எளிது. 'ம்' என்னும்போது நுரையீரலிலிருந்து வரும் காற்று, குரல்வளையிலுள்ள குரல்நாண்களை அதிரச் செய்கிறது. 'ஸ்' என்னும்போது குரல்நாண்கள் விலகி நிற்கின்றன. காற்று குறுகிய இடுக்கில் உரசிச் செல்வதால் மட்டுமே ஒலி உண்டாகிறது. முதலாவதைக் குரலுள்ள ஒலி என்றும், இரண்டாவதைக் குரலற்ற ஒலி என்றும் கூறலாம்.

பூனைக்கும் குரல்நாண்கள் உண்டு. 'மியாவ்' என்பது குரலுள்ள ஒலி. குரல்நாண்கள் எழுப்பும் அதிர்வு வாய்க்குழியில் ஒத்ததிர்வு பெறுகிறது. வாய் திறந்து மூடும்போது அக்குழியின் வடிவம் மாறுகிறது. அதனால் 'மி', 'யா', 'வ்' என்று ஒலியின் சாயலும் மாறுகிறது. நாம் 'அ', 'இ', 'உ' என்று உயிரெழுத்துகளை வேறுபடுத்திச் சொல்வதும் இதே முறையில்தான்.

பூனையின் ஒலிகளை முறையாக வகைப்படுத்தியவர்களுள் முன்னோடி மில்ட்ரெட் மோல்க் என்ற பெண்மணி. 1944-இல் வெளியான அவருடைய ஆய்வில் 16 வகை ஒலிகள் விவரிக்கப்பட்டன. வாயை மூடியபடி எழுப்பும் ஒலிகள், வாயைத் திறந்து மெல்ல மூடும்போது எழும் ஒலிகள், வாயை இறுக்கமாகத் திறந்து வைத்தபடி எழுப்பும் ஒலிகள் என மூன்று தொகுதிகளாக அவர் அவற்றைப் பிரித்தார். குறுகுறுப்பு முதல் தொகுதி, 'மியாவ்' இரண்டாவது, சீறலும் உறுமலும் மூன்றாவது. இரையைக் கண்டு எழுப்பும் ஒலியைப் பின்வந்தவர்கள் மூன்றாவது தொகுதியிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

ஸ்வீடன் நாட்டில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலியியல் அறிஞர் சூசன் ஷெட்ஸ், 2013-இல் மூன்று வீட்டுப் பூனைகளின் இத்தகைய ஒலிகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். உண்மையில் இது ஒரே ஒலி அல்ல, பல ஒலிகளின் கூட்டம் என்று அவர் காட்டினார். தாடை நடுங்க வெளிவரும் 'க்க்க்' ஒலி குரலற்றது. அதனோடு கலந்தும் தனித்தும், பறவையின் குரலை நினைவூட்டும் குறுகிய கீச்சொலிகள் வருவதுண்டு, அவை குரலுள்ளவை.

குரலற்ற ஒலியை நீங்களே செய்து பார்க்கலாம். 'க்' என்னும் மெய்யெழுத்தை, உயிர் எதுவும் சேர்க்காமல், 'க் க் க் க்' என்று வேகமாக அடுக்கிச் சொல்லுங்கள். தொண்டையில் விரல் வைத்தால் நாண்களின் அதிர்வு தெரியாது. பூனை செய்வதும் ஏறத்தாழ இதுவே. மெய்யெழுத்து மட்டும் பேசுகிறது பூனை!

ஒலி எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்தது. ஏன் பிறக்கிறது? மூன்று விளக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விளக்கம் ஒன்று: பரபரப்பு

இரையைக் கண்டதும் வேட்டை விலங்கின் உடல் பாய்ச்சலுக்கு ஆயத்தமாகிறது. இதயத் துடிப்பு விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஆனால் பாய வழியில்லை. நடுவே கண்ணாடி இருக்கிறது, அல்லது சுவர் மிக உயரம். தேங்கிய இந்தப் பரபரப்பு தாடையின் நடுக்கமாக வெளிப்படுகிறது என்பது முதல் விளக்கம்.

இதில் உண்மை இருக்கக்கூடும். ஆனால் 'ஆத்திரம்', 'ஏமாற்றம்' என்ற சொற்களைக் கையாளும்போது எச்சரிக்கை தேவை. அவை நம் மனத்தைப் பற்றிய சொற்கள். பூனையின் மனத்தில் நம்முடைய உணர்ச்சியை ஏற்றிச் சொல்வது எளிது, நிரூபிப்பது கடினம். லாயிட் மார்கன் என்ற பிரிட்டிஷ் உளவியலறிஞர் 1894-இல் இதற்கு ஒரு விதியே வகுத்தார்: ஒரு விலங்கின் செயலை எளிய மனச்செயலைக்கொண்டு விளக்க முடியுமானால், அதைவிட உயர்ந்த மனச்செயலைத் துணைக்கு அழைக்கக் கூடாது. இன்றும் விலங்கு நடத்தை ஆராய்ச்சியில் இவ்விதி மதிக்கப்படுகிறது.

நல்ல விளக்கம் என்றால் அதிலிருந்து ஒரு முன்னறிவிப்பு பிறக்க வேண்டும். "எட்டாத ஏமாற்றமே காரணம்" என்றால், எட்டக்கூடிய இரையைக் காணும்போது இவ்வொலி எழக் கூடாது. தடை கூடக்கூட ஒலியும் கூட வேண்டும். இம்முன்னறிவிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பயன்படும்.

விளக்கம் இரண்டு: கொல்லும் கடி

பூனை இரையைக் கொல்லும் விதத்தை நுணுகி ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் பால் லேஹௌசன். பூனை கண்ட இடத்தில் கடிப்பதில்லை. எலியின் பிடரியைக் குறிபார்த்துக் கடிக்கிறது. நீண்ட கோரைப்பல், கழுத்து முள்ளெலும்புகளின் இடுக்கில் ஆப்புப்போல இறங்கித் தண்டுவடத்தை அறுக்கிறது. இரை நொடியில் மாண்டுபோகிறது. கோரைப்பல்லின் வேர்ப்பகுதியில் தொடுவுணர்வு நரம்புகள் செறிந்திருப்பதால், இடுக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பல்லாலேயே தடவி அறிய முடிகிறது.

எட்டாத இரையைப் பார்க்கும் பூனையின் தாடை நடுக்கம், இந்தக் கொல்லும் கடியின் வெற்று ஒத்திகை என்பது இரண்டாவது விளக்கம். விலங்கியல் எழுத்தாளர் டெஸ்மண்ட் மாரிஸ் 1986-இல் வெளியிட்ட பூனைகளைப் பற்றிய நூலில் இதை எடுத்துரைத்தபின் இது பரவலாயிற்று.

இரை இல்லாமலே வேட்டைச் செயல் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நடக்கும். கான்ராட் லாரன்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் தாம் வளர்த்த ஒரு ஸ்டார்லிங் பறவையிடம் இதைக் கண்டார். நம் மைனாவின் உறவுப் பறவை அது. வயிறார உணவு பெற்று வளர்ந்த அப்பறவை, அறையில் ஓர் ஈகூட இல்லாதபோது, மேலே உற்றுப்பார்த்து, பறந்து சென்று, இல்லாத ஈயைக் கொத்தி, அதை அடித்துக் கொல்வதுபோல் பாவனை செய்து, விழுங்கியும் காட்டிற்று! உள்ளே பொருத்தப்பட்டிருக்கும் ஒரு செயல், தூண்டுதல் முழுமையாக இல்லாதபோதும் தானே ஓடிவிடுகிறது என்று லாரன்ஸ் விளக்கினார். வண்டி நிற்கும்போதும் இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விளக்கத்தில் ஒரு சிறப்பு உண்டு. இதன்படி ஒலிக்குத் தனியாக ஒரு நோக்கம் தேவையில்லை. மாவரைக்கும் இயந்திரம் சத்தம் போடுவது யாரையும் அழைப்பதற்காக அல்லவே! ஆனால் ஒரு குறையும் உண்டு. கொல்லும் கடி ஆழமான, உறுதியான கடி. பல்லியைப் பார்க்கும்போது நடப்பதோ சிறிய, மிக வேகமான நடுக்கம். இரண்டும் ஒரே தசையியக்கமா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். குரலுள்ள கீச்சொலிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கும் இதில் பதில் இல்லை.

விளக்கம் மூன்று: ஏமாற்றுக் குரல்

மூன்றாவது விளக்கத்துக்கு நாம் தென் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். பிரேசில் நாட்டின் மனாஸ் நகரை ஒட்டி அடால்ஃபோ டூக்கி என்ற காப்புக்காடு இருக்கிறது. அங்கே 2005-இல், கறுப்பும் வெள்ளையுமான டாமரின் என்னும் சிறு குரங்குகளை ஆராய்ச்சியாளர்கள் கவனித்துக்கொண்டிருந்தனர். எட்டுக் குரங்குகள் ஓர் அத்தி இன மரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தன. அப்போது புதரிலிருந்து குரங்குக் குட்டி கத்துவதுபோல ஒரு குரல் கேட்டது. கூட்டத்துக்குக் காவல் நின்ற குரங்கு குழம்பிப்போய், குரல் வந்த இடத்தை அறிய மரத்தில் ஏறியும் இறங்கியும் பார்த்தது. சற்று நேரத்தில் இலைமறைவிலிருந்து வெளிப்பட்டது குரங்குக் குட்டி அல்ல. மார்கே என்னும் காட்டுப் பூனை! காவற்குரங்கு அலறிற்று, கூட்டம் ஓடி மறைந்தது. பூனைக்கு அன்று இரை கிடைக்கவில்லை.

காட்டுப் பூனையொன்று இரையின் குரலைப் போலச் செய்ததாக ஆராய்ச்சியாளர்கள் நேரில் கண்டு பதிவுசெய்த இச்செய்தி 2009-இல் ஆய்வேட்டில் வெளியாயிற்று. அப்பகுதி மக்களும் காட்டுப் பூனைகள் இரையின் குரலில் கத்தும் என்று சொல்லிவந்தார்கள். இதன்பின், "வீட்டுப் பூனை பறவையைப் பார்த்துக் கீச்சிடுவதும் இதே தந்திரம்தான்" என்று பலரும் எழுதத் தொடங்கினர்.

இங்கேதான் நிதானம் வேண்டும். நடந்தது ஒரே ஒரு நிகழ்ச்சி. அதுவும் தோல்வியில் முடிந்த நிகழ்ச்சி. மார்கேயும் வீட்டுப் பூனையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் வெவ்வேறு இனங்கள். அமேசான் காட்டில் ஒரு முறை கண்டதை உங்கள் வீட்டுப் பூனைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆராய்ச்சிக்கு அது ஒரு நல்ல தொடக்கம்; முடிவு அல்ல.

இயற்பியல் என்ன சொல்கிறது?

ஏமாற்றுக் குரல் என்றால், அதைக் கேட்க ஒரு காது இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே காதுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நம் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண்ணுள்ள ஒலிகளைக் கேட்கும். பூனையின் காது 48 ஹெர்ட்ஸ் முதல் 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று 1985-இல் வெளியான அளவீடுகள் காட்டுகின்றன. எதற்கு இத்தனை உயர்ந்த அதிர்வெண்? சுண்டெலிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒலிகளில் பல, நம் காதுக்கு எட்டாத மீயொலிகள். 50,000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும்: 340-ஐ 50,000-ஆல் வகுக்க 0.0068 மீட்டர், அதாவது 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. இத்தகைய குறுகிய அலை பூனையின் தலையைச் சுற்றி வளைந்து செல்லாது. மறுபக்கத்துக் காதில் நிழல் விழும். இரு காதுகளுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக்கொண்டு எலி எந்தத் திசையில் இருக்கிறது என்று பூனை கணித்துவிடும்.

ஆகவே பூனை எலியின் குரலில் பேச விரும்பினால் மீயொலியில் பேச வேண்டும். நமக்குக் கேட்கும் 'க்க்க்' அந்த வேலைக்கு உதவாது.

பறவைகளின் கதை வேறு. பெரும்பாலான பறவைகளின் காது 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை நன்றாகக் கேட்கும். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக ஒன்றும் கேட்காது. பூனையின் கீச்சொலி அந்த எல்லைக்குள் இருக்குமானால், பறவைக்கு அது கேட்கும். ஆனால் நடுவே ஜன்னல் கண்ணாடி இருந்தால்? 4 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி, ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்துவிடும். 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் செறிவு பத்தில் ஒரு பங்காகும். 20 என்றால் நூறில் ஒன்று. 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று! தோட்டத்து மைனாவுக்குப் பூனையின் குரல் போய்ச் சேர்வதே அரிது.

பூனைக்கு இயற்பியல் தெரியாதே என்று நீங்கள் வாதிடலாம். சரியான வாதம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கற்றுக்கொண்ட ஒரு செயலுக்குப் பலன் கிடைக்காவிட்டால் அது நாளடைவில் மறையும். கதவைப் பிராண்டினால் யாரும் திறப்பதில்லை என்று தெரிந்தால் பூனை பிராண்டுவதை விட்டுவிடும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆண்டுக்கணக்கில் கெக்கெக் என்று ஒலித்தும் ஒரு பறவைகூட வரவில்லை. ஆனாலும் ஒலி நிற்கவில்லை. ஆகவே இது பலனைப் பார்த்துக் கற்ற தந்திரமாக இருப்பதைவிட, உள்ளிருந்தே எழும் செயலாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

பல்லியும் ஒரு சாட்சி சொல்கிறது. சுவர்ப் பல்லி 'ச்ச்ச் ச்ச்ச்' என்று ஒலி எழுப்பும். நம் பஞ்சாங்கங்களில் அதற்குப் பலன்கூட எழுதியிருக்கிறார்கள். பூனையின் 'க்க்க்' ஒலி பல்லியின் ஒலிக்குச் சற்று ஒத்திருப்பதைக் கண்டு, "ஆகா, பூனை பல்லியைப்போல் பேசுகிறது" என்று துள்ளத் தோன்றும். அவசரப்படாதீர்கள்! அதே பூனை மைனாவுக்கும் 'க்க்க்', அணிலுக்கும் 'க்க்க்' என்றால் அதைப் போலச் செய்தல் என்று எப்படிச் சொல்வது? இரைக்கு இரை ஒலி மாறினால்தான் அந்த விளக்கம் வலுப்பெறும்.

ஒரு 'ஏன்', நான்கு கேள்விகள்

மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று எதிர்ப்பவை போலத் தோன்றுகின்றன. உண்மையில் அப்படியா?

உங்கள் பள்ளியில் மணி அடிக்கிறது. "மணி ஏன் ஒலித்தது?" என்று கேட்கிறேன். "தண்டவாளத் துண்டு அதிர்ந்தது, காற்றும் அதிர்ந்தது" என்கிறான் ஒரு மாணவன். "பியூன் சுத்தியலால் தட்டினார்" என்கிறாள் ஒரு மாணவி. "சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதைத் தெரிவிக்க" என்கிறான் இன்னொருவன். "பள்ளி தொடங்கியபோதே அதை அங்கே கட்டித் தொங்கவிட்டார்கள்" என்கிறாள் மற்றொருத்தி. நால்வரில் யார் சொன்னது தவறு? ஒருவரும் தவறில்லை. நால்வரும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள்.

நிக்கோ டின்பெர்கன் என்ற டச்சு விலங்கியலறிஞர் 1963-இல் இதையே தெளிவாக எடுத்துரைத்தார். ஒரு விலங்கு ஏன் இவ்வாறு நடக்கிறது என்று கேட்கும்போது அதில் நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. எந்தத் தூண்டுதலால், உடலின் எந்தப் பொறியமைப்பால் அது நடக்கிறது? குட்டி வளரும்போது அது எப்படி உருவாகிறது? அதனால் விலங்குக்கு என்ன பயன்? முன்னோர்களிடமிருந்து அது எப்படிப் பரிணமித்து வந்தது? டின்பெர்கனும் லாரன்ஸும், தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்த கார்ல் ஃபான் ஃபிரிஷும் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்போது நம் மூன்று விளக்கங்களுக்குத் திரும்புங்கள். பரபரப்பு என்பது தூண்டுதலைப் பற்றிய விடை. கொல்லும் கடி என்பது அந்த அசைவு எதிலிருந்து வந்தது என்பதற்கான விடை. ஏமாற்றுக் குரல் என்பது பயனைப் பற்றிய விடை. பரபரப்பு தூண்ட, கடிக்கும் தசைகள் அசைய, அதனால் எழும் ஒலி ஒருவேளை எப்போதாவது பயனும் தர, மூன்றும் ஒருங்கே உண்மையாக இருக்க இடமுண்டு. மூன்றும் பொய்யாகவும் இருக்கலாம். விடைகளைச் சண்டைக்கு விடுமுன் அவை எந்தக் கேள்விக்கு விடை என்று பார்ப்பதே நாம் கற்க வேண்டிய முதற்பாடம்.

நான்கில் ஒரு கேள்வியை நம் மூன்று விளக்கங்களும் தொடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? குட்டி இதைப் பிறவியிலேயே அறிந்திருக்கிறதா, தாயிடம் கற்கிறதா? வேட்டையாடுவதைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டுச் சோதித்தவர் சீன உளவியலறிஞர் ஸிங்-யாங் குவோ. 1930-இல் வெளியான அவருடைய ஆய்வில், தாய் எலியைக் கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20-இல் 9 மட்டுமே கொன்றன. பிறந்தது முதல் எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18-இல் கொன்றவை 3 மட்டுமே. 'பூனை என்றால் எலியைக் கொல்லும்' என்பது எத்தனை அவசரமான முடிவு, பாருங்கள்! பிறவிக்குணமும் பழக்கமும் பின்னிப்பிணைந்தே கிடக்கின்றன.

நீங்களும் ஆராயலாம்

பூனை உள்ள வீட்டில் இருப்பவர்கள், அல்லது அண்டை வீட்டுப் பூனையோடு நட்புள்ளவர்கள், ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒலியைக் கேட்கும்போதெல்லாம் இவற்றை எழுதுங்கள்:

1. நாள், நேரம். பூனை உணவு உண்டு எவ்வளவு நேரம் ஆயிற்று?
2. இரை எது? பல்லியா, பறவையா, அணிலா, பூச்சியா? எவ்வளவு தொலைவு?
3. நடுவில் கண்ணாடியா, ஜன்னல் கம்பியா, வெறும் உயரமா, தடையே இல்லையா?
4. எழுந்தது குரலற்ற 'க்க்க்' ஒலியா, கீச்சொலியா, இரண்டுமா?
5. இரை என்ன செய்தது? நெருங்கியதா, ஓடியதா, கவனிக்கவே இல்லையா?
6. பூனை இரையைப் பார்த்தும் ஒலி எழுப்பாத நேரங்கள்.

ஆறாவதுதான் மிக முக்கியம். ஒலி எழுந்த நேரங்களை மட்டும் எழுதினால் நாம் விரும்பும் விளக்கம் எளிதில் வென்றுவிடும். எழாத நேரங்களும் கணக்கில் வந்தால்தான் ஒப்பிட முடியும். தடை இருக்கும்போது மட்டும் ஒலி எழுந்தால் பரபரப்பு விளக்கம் வலுப்பெறும். இரைக்கு இரை ஒலி மாறி, இரையும் திரும்பிப் பார்த்தால் ஏமாற்றுக் குரல் வலுப்பெறும். இரண்டும் இல்லையென்றால் கொல்லும் கடியின் பக்கம் தராசு சாயும்.

வீட்டிலுள்ள கைபேசியும் ஒரு நல்ல கருவி. தாடை நொடிக்கு எத்தனை முறை அசைகிறது என்று எண்ண, மெதுவாக ஓட்டிக்காட்டும் முறையில் படம் எடுங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் குறைந்தது இரண்டு படங்களாவது வேண்டும். தாடை நொடிக்கு 20 முறை அசைந்தால், 40 படங்களுக்குக் குறைந்தால் எண்ணிக்கை தவறாகிவிடும். சாதாரணப் பதிவில் நொடிக்கு 30 படங்களே இருக்கும் என்பதால் அது போதாது. 120 அல்லது 240 படங்கள் எடுக்கும் முறையே ஏற்றது.

சில எச்சரிக்கைகள். ஆராய்ச்சி என்ற பெயரில் உயிருள்ள இரையைப் பூனையின் முன் கட்டிவைக்காதீர்கள். இயல்பாக நடப்பதைப் பார்த்தாலே போதும். வேட்டைப் பரபரப்பில் இருக்கும் பூனையைத் தூக்கவோ தொடவோ வேண்டாம். பூனை கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் பரவும்.

"பெரிய விஞ்ஞானிகளே முடிவு காணாததில் நாம் என்ன செய்துவிட முடியும்?" என்று தயங்க வேண்டாம். பூனையின் குறுகுறுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பின் கட்டளைப்படி குரல்வளைத் தசைகள் ஒவ்வோர் அதிர்வுக்கும் சுருங்கி விரிவதால்தான் அது உண்டாகிறது என்று பல ஆண்டுகள் பாடமாகவே சொல்லப்பட்டு வந்தது. 2023-இல் வியன்னா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்டும் குழுவினரும், நோயால் இறுதி எய்திய எட்டுப் பூனைகளின் குரல்வளைகளில் வெதுவெதுப்பான ஈரக் காற்றைச் செலுத்திப் பார்த்தனர். நரம்போ மூளையோ இல்லாமலே, அவை 25 முதல் 30 ஹெர்ட்ஸ் அளவில் குறுகுறுத்தன! குரல்நாண்களுக்குள் புதைந்துள்ள திண்டு போன்ற திசு அவற்றின் நிறையைக் கூட்டுவதால் இத்தனை தாழ்ந்த ஒலி எழ முடிகிறது என்று அவர்கள் கருதினர். வீணையில் தடித்த தந்தி தாழ்ந்த சுரம் தருவதுபோல. உயிருள்ள பூனையில் தசைகளும் உதவக்கூடும். ஆயினும், முடிந்துவிட்டதாக நினைத்த ஒரு கேள்வி மீண்டும் திறந்துகொண்டது.

அடுத்த முறை யாராவது, "பூனை அப்படி ஒலிப்பது இதனால்தான்" என்று உறுதியாகச் சொன்னால், பணிவோடு இரண்டு கேள்விகள் கேளுங்கள். நீங்கள் சொல்வது நான்கில் எந்த 'ஏன்'? அது தவறாக இருந்தால் எதைப் பார்த்து அறியலாம்? இவ்விரண்டு கேள்விகளும் பூனைக்கு மட்டும் உரியவை அல்ல. நாளிதழிலும் கைபேசியிலும் மேடையிலும் நாள்தோறும் நம்மிடம் வந்து சேரும் விளக்கங்கள் எல்லாவற்றையும் உரைத்துப் பார்க்க உதவும் உரைகல் இவை. குறிப்பேட்டில் இன்று முதல் வரியை எழுதுங்கள்!